ஐப்பசி தாண்டாது

ஆனி மாதக் கூட்டத்தில் செவி ஒரு சொல்லை மாற்றிக்கொண்டது. சமுதாயக்கூடத்தில் இருந்த வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. பூங்கோதை கவனித்தாள். அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

தாழையேந்தலுக்கு அடியில், வெகு ஆழத்தில், கரியமில வாயுவை அடைத்து வைத்திருந்தார்கள். அனல் நிலையங்களும் சிமென்ட் ஆலைகளும் வெளியே விடும் வாயுவைப் பிடித்து, அமுக்கி, குழாய் வழியாகக் கொண்டுவந்து, உப்புநீர் ஊறிய மணற்பாறைக்குள் செலுத்தினார்கள். அதற்கு மேலே மூடியாக ஒரு களிமண் பாறை. பூமி சூடாவதைத் தடுக்க உலகம் முழுக்க இப்படிச் செய்துகொண்டிருந்த காலம் அது. ஊருக்கு நல்ல சாலை வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, வீட்டுக்கு வீடு குடிதண்ணீர் வந்தது. மூடிப்பாறை ஆயிரக்கணக்கான வருடம் தாங்கும் என்றது நிறுவனம்.

தாங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பதற்காக வைத்த இயந்திரம்தான் செவி. ஊரைச் சுற்றிலும் ஆழ்துளைகளில் அதன் கருவிகளை இறக்கியிருந்தார்கள். தெருவுக்கு ஒன்றாக, ஒலிபெருக்கி பொருத்திய இடுப்புயரச் சாம்பல் நிறத் தூண்களும் உண்டு. ஜனங்கள் அவற்றில் ஆடு கட்டினார்கள், துணி காயப்போட்டார்கள். பாறையின் முனகலைக் கேட்டு, அது பின்னால் என்ன ஆகும் என்று செவி கணக்கிடும். மாதம் ஒருமுறை கூட்டத்தில் அதை ஆங்கிலத்தில் சொல்லும். பூங்கோதை மேடையில் நின்று தமிழில் சொல்வாள். முன்பு கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவள். கணவன் இறந்த பிறகு சொந்த ஊருக்கே வந்து இந்த வேலையில் சேர்ந்திருந்தாள்.

ஆறு வருடமாகச் செவி ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிவந்தது. மூடிப்பாறை ‘இன் த டிஸ்டன்ட் ஃப்யூச்சர்’ பலவீனமாகக்கூடும். அவளும், “வெகு தொலைவான எதிர்காலத்தில்” என்பாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பின்வரிசைக்காரர்கள் வடையை எடுக்க எழுந்துவிடுவார்கள்.

அன்றைக்கு அது ‘இன் த லாங் ரன்’ என்றது.

அவள் ஒரு கணம் தயங்கினாள். நிறுவனம் கொடுத்திருந்த கையேட்டில் அதற்கும் தமிழ் இருந்தது. “நீண்ட காலப் போக்கில்” என்று சொல்லி முடித்தாள். வடைத் தட்டுகள் வந்தன.

மறுநாள் நிலையப் பொறியாளர் டேவிட் சற்குணத்தைப் பார்க்கப் போனாள். நாகர்கோவில்காரர், அதிர்ந்து பேசாதவர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?” என்றார்.

“இல்ல சார். டிஸ்டன்ட் ஃப்யூச்சர்னா நாம யாரும் இல்லாத காலம். நம்ம பேரப்பிள்ளைகளும் இல்லாத காலம். லாங் ரன் அப்படி இல்ல. ஏற்கனவே தொடங்கிருச்சு, முடிவு மட்டும் பின்னாடி தெரியும்னு அர்த்தம். ஓடிக்கிட்டு இருக்கிற ஒண்ணப் பத்தித்தான் அப்படிச் சொல்லுவாங்க.”

“அது கதை எழுதுற ஆள் இல்லியே. அதுக்கு அனுமதிச்ச தொடர் பத்துப் பன்னிரண்டுதான். ஏதோ ஒண்ண எடுத்துப் போடும்.”

“ஆறு வருசமா ஒண்ணையே எடுத்துச்சே சார். வருசக் கணக்க நேராச் சொல்லிட்டா என்ன?”

“சொல்லக்கூடாது. தேதி, மாசம், வருசம், எந்த எண்ணும் கூடாது. வடக்க ஒரு ஊர்ல இதே மாதிரி கிடங்கு. அங்க இருந்த இயந்திரம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடி உடையும்னு சொல்லிச்சு. ஊரே ஒரே பாலத்துல ஏறிடுச்சு. நாப்பது பேருக்கு மேல மிதிபட்டே செத்தாங்க. அஞ்சு மணிக்கு ஒண்ணுமே நடக்கல. அதுக்கப்புறம்தான் இந்த விதி.”

அவர் அதைச் சொன்ன விதத்தில் மேற்கொண்டு கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆடிக் கூட்டத்தில் செவி ‘டவுன் த ரோட்’ என்றது. கையேட்டில் ‘பிற்காலத்தில்’ என்று இருந்தது. சொன்னாள். நாம் நடந்துகொண்டிருக்கும் இதே பாதையில், கொஞ்சம் தள்ளி, ஒரு திருப்பத்தில் அது நிற்கிறது என்பதைத் தமிழ் வார்த்தை தின்றுவிட்டது.

அவளுடைய தம்பி பாண்டித்துரை ஊரின் தாழ்வான பக்கத்தில், பள்ளத்தெருவில் குடியிருந்தான். வீட்டோடு சேர்ந்த இரண்டு சக்கர வண்டிப் பட்டறை. அந்த வாரம் பட்டறைக்குப் பின்னால் இருந்த குழியில் அவன் வளர்த்த நாட்டுக்கோழிகள் மொத்தமாகச் செத்துக் கிடந்தன.

“வெள்ளக்கழிச்சல்க்கா. கோடையில வர்றது இந்த வருசம் ஆடியில வந்துருச்சு” என்றான்.

பூங்கோதை குழியை எட்டிப் பார்த்தாள். கழிச்சலில் சாகிற கோழி கழுத்து முறுக்கி, இறகு கலைந்து கிடக்கும். இவை தூங்குவதுபோல ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. அவள் குழிக்குள் இறங்கக் கால் வைத்தாள். ஏனோ இறங்காமல் பின்வாங்கி, தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்து அவனையும் அங்கிருந்து கூட்டிவந்தாள்.

ஆவணிக் கூட்டத்துக்குத் தம்பியின் மனைவி ஜோதிமீனா முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். ஏழு மாதம். தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லாதவள், அதனால் பிரசவம் இங்கேதான். வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

செவி ‘சூனர் ஆர் லேட்டர்’ என்றது.

“என்றேனும் ஒரு நாள்” என்றாள் பூங்கோதை. சொல்லும்போதே அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ‘சூனர்’, அதாவது ‘சீக்கிரமே’ என்ற பாதி எங்கே போயிற்று? தமிழில் ‘என்றேனும் ஒரு நாள்’ என்றால், வராமலே போகக்கூடிய நாள்.

ஜோதிமீனா எழுந்து நின்றாள். “மதினி, நான் ஒண்ணு கேக்கணும், அதுக்கிட்டச் சொல்லுங்க. எம்புள்ள இந்த ஊருப் பள்ளிக்கூடத்துல படிக்குமா?”

மண்டபம் சிரித்தது. பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்று விதியிலேயே இருந்தது. பூங்கோதை ஆங்கிலத்தில் கேட்டாள். செவி, அந்தக் குழந்தை ‘சம் டே’ பள்ளிக்கூடம் போகும் என்றது.

அவள் தமிழில் சொல்லவில்லை. ஒலிவாங்கியை நெருங்கி, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். தானாக ஒரு கேள்வி கேட்டாள். “இங்கேயா?” என்று ஆங்கிலத்தில்.

‘தட் லைஸ் பியாண்ட் த ஃபோர்சீயபிள் ஃப்யூச்சர்’ என்றது செவி.

எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். கையேட்டில் அதற்கும் தமிழ் இருந்தது. அவள் வாய் அதைச் சொல்லிவிட்டது. “உங்கள் குழந்தை ஒரு நாள் பள்ளி செல்லும். மற்றது கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்கிறது.”

கை தட்டினார்கள். பின்னால் நின்ற பாண்டித்துரை விரலை மடித்து விசில் அடித்தான். மூடி கல்லு மாதிரி இருக்கிறது, கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஆபத்தே இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள்.

பூங்கோதை வாசலில் டேவிட் சற்குணத்தை மறித்தாள்.

“அதோட கண்ணு எவ்வளவு தூரம் சார் எட்டும்?”

அவர் கார்க் கதவைத் திறந்தபடி நின்றார். “ஆரம்பத்துல நூறு வருசத்துக்கு மேல எட்டிச்சு. பாறை அசையாம இருந்தா தூரம் வரைக்கும் கணக்குப் போடலாம். அசைய அசைய, பார்வை கிட்ட வந்துடும்.”

“பிள்ள பள்ளிக்கூடம் போறதுக்கு அஞ்சு வருசம். அதுவே அதுக்குத் தெரியலைங்குது. நான் தூரமா இருக்குன்னு சொல்லிட்டேன். அது சொன்னது வேற சார். அதுக்கு மேல பாக்கிறதுக்கு ஊர் இல்லைன்னு சொல்லிருக்கு.”

“எண்ணெல்லாம் தலைமையகத்துல பூட்டி வச்சிருக்காங்க. எனக்கே காட்டாது. கேட்டுப் பாத்துட்டேன்.”

“உங்க வீட்டம்மாவ ரெண்டு வாரமாக் காணோமே. பையனையும் காணோம்.”

அவர் கதவை மூடினார், மறுபடி திறந்தார்.

“நாகர்கோவிலுக்கு அனுப்பிட்டேன்” என்றார் கடைசியில். “நீங்க என்னை என்ன வேணா நெனச்சுக்குங்க. அந்தப் பாலத்து ஊர்ல அபாயச் சங்கை அமுக்கினது நான்தான். சின்னப் பிள்ளைங்க செருப்பு மட்டும் ஒரு குவியல் கெடந்துச்சு. திருப்பி ஒரு தடவ அமுக்க என் கை வராது. அமுக்காட்டி என்ன ஆகும்னும் தெரியும்.”

“என்ன ஆகும்?”

“அது காத்தைவிடக் கனம். தண்ணி மாதிரி பள்ளத்தைத் தேடிப் போயி நிக்கும். நிறம் கிடையாது, வாடை கிடையாது. மூச்சு ரெண்டு தடவ இழுக்கறதுக்குள்ள ஆள் விழுந்துடுவாங்க. ஓடணும்னு தோணறதுக்கே நேரம் இருக்காது.”

பூங்கோதைக்குக் கோழிகள் ஞாபகம் வந்தன.

அந்த ஒரு மாதமும் அவள் தம்பியை நச்சரித்தாள். கொஞ்ச நாளைக்கு மதுரைக்குப் போ, வீடு பார்த்துத் தருகிறேன் என்றாள். “நீதானக்கா மேடையில நின்னு சொன்ன? ஊருக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணா?” என்று அவன் சிரித்தான்.

புரட்டாசிக் கூட்டத்தில் செவி சொன்னது: ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்.’

கையேட்டில் ‘ஏதோ ஒரு நாள்’ என்று இருந்தது. பூங்கோதை கையேட்டை மூடினாள். கல்லூரியில் இதே தொடரை அவள் பலமுறை நடத்தியிருக்கிறாள். சம் டே என்றால் வராமலும் போகலாம். இது அப்படி இல்லை, இப்போது போய்க்கொண்டிருக்கிற இந்த நாட்களிலேயே ஒன்று என்பாள். எதிரே நூற்றுக்கணக்கான முகங்கள். வாசல் இரண்டு. முதல் வரிசையில் ஜோதிமீனா. அலறினால் இங்கேயே மிதிபடுவார்கள்.

“எல்லாரும் உக்காந்தபடியே கேளுங்க” என்றாள். “அது சீக்கிரம் நடக்கும்னு சொல்லுது. இந்த நாட்கள்லயே. யாரும் ஓட வேண்டாம். பள்ளத்தெருக்காரங்க முதல்ல...”

ஒலிவாங்கி செத்துப்போனது. நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் மேடையேறி, அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்றார். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண் குரல் நிதானமாக வந்தது: “ஏதோ ஒரு நாள்.” அது பூங்கோதையின் குரல். ஆறு வருடப் பதிவுகளிலிருந்து தயாரித்து வைத்திருந்தார்கள். அவள் வாயை மூடி நின்றுகொண்டிருக்க, அவள் குரல் கூட்டத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தது.

ஜனங்கள் அவளைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஜோதிமீனா மட்டும் போகவில்லை. பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தெருவரை நடந்தாள். தெருமுனைத் தூணில் யாரோ வெள்ளாடு கட்டியிருந்தார்கள். அதன் அருகில் நின்றாள்.

“மதினி, நீங்க இங்கிலீசுல கேட்டீக, அது இங்கிலீசுல சொல்லுச்சு. இதுக்குத் தமிழ் தெரியாதா?”

“தெரியாதுன்னுதான்...” என்று தொடங்கி பூங்கோதை நிறுத்தினாள். அப்படி யாரும் சொன்னதில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சட்டம் சொன்னது, அவளை வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஜோதிமீனா வயிற்றைத் தாங்கிக்கொண்டு தூணின் பக்கம் குனிந்தாள். “ஏய், ஒனக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியும் தாயி” என்றது தூண்.

ஆடு மிரண்டு கயிற்றை இழுத்தது. குரலில் இயந்திரத்தின் சாயலே இல்லை. இந்தத் தெருவில் பேசுகிற யாருடைய குரல் போலவும் இருந்தது.

“மூடி எப்ப ஒடையும்?”

“ஐப்பசி தாண்டாது தாயி. பள்ளத்தெருவுலதான் மொதல்ல ஏறும். வெள்ளென, விடியுமுன்ன, காத்து அசையாத நேரமா இருக்கும். நீங்க இந்த வாரமே கெளம்பிருங்க.”

ஜோதிமீனா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பூங்கோதை தூணின் பக்கம் குனிந்தாள்.

“இத ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல?”

“யாரும் கேக்கலையே” என்றது.

பூங்கோதை சொல்லி அன்று மாலையே டேவிட் சற்குணம் வந்து தூணின் முன் உட்கார்ந்தார். தானும் ஒரு கேள்வி கேட்டார், பதிலைக் கேட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“பாறைச் சத்தத்துல இருந்து ஜனங்க பேச்சைப் பிரிச்சு எடுக்கணும்ல, அதுக்காகத் தெருப் பேச்சைக் கேட்டுக்கிட்டே இருக்கு. ஆறு வருசமாக் கேட்டுருக்கு. தடை போட்டது ஆங்கிலத்துக்கு மட்டும். தமிழ்ல இதுகிட்ட யாராவது பேசுவாங்கன்னு அங்க ஒருத்தருக்கும் தோணல.” கொஞ்சம் நிறுத்தி, “எனக்கும்தான்” என்றார்.

“நடுவுல நான் நின்னேன்” என்றாள் பூங்கோதை. “நான் இல்லைன்னா முதல் மாசமே யாராவது கேட்டுருப்பாங்க.”

“இப்ப அழாதீங்க மேடம். தலைமையகத்துக்குத் தெரிஞ்சா இதையும் அடைச்சுடுவாங்க. நான் அறிக்கை அனுப்பாம எத்தன நாள் இழுக்க முடியுமோ இழுக்கறேன். சங்கு வேண்டாம், மைக் வேண்டாம். வீடு வீடா அதுவே சொல்லட்டும்.”

அப்படித்தான் நடந்தது. பூங்கோதையும் ஜோதிமீனாவும் போய், உங்கள் தெருத் தூணிடம் நீங்களே கேளுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்று கேட்டார்கள். டீக்கடைக்காரர் காளையப்பன் தோளில் துண்டோடு போய்க் கேட்டு, துண்டு கீழே விழுந்தது தெரியாமல் திரும்பினார். செவிக்கு ஒவ்வொரு வீட்டையும் தெரிந்திருந்தது. எல்லாரையும் ஒரே நாளில் போகச் சொல்லவில்லை. “நீங்க வெள்ளிக்கிழம போங்கய்யா, கம்மாக்கர வழியா. ஒங்க அப்பாருக்கு நடக்க முடியாதுல்ல, எதுத்த வீட்டு ஆட்டோவக் கேளுங்க.” கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி, பைகளோடு, நாள் தவறாமல் நான்கைந்து குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. யாரும் ஓடவில்லை. சத்தம் போட்டு அழவும் இல்லை. பேச்சுக் குறைந்து குறைந்து, ஊர் மத்தியானத்திலும் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் பூங்கோதையை அதிகம் பயமுறுத்தியது.

தெற்கே, மூடிக்கிடந்த நூற்பாலை ஒன்றில் அவர்கள் தங்கினார்கள். ஐப்பசி பிறந்து கொஞ்ச நாளில் நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. டேவிட் சற்குணத்தை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தூண்களின் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். பிறகு ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று நூற்பாலை வாசலில் வந்து நின்றது. “அன்பார்ந்த தாழையேந்தல் மக்களே, ஆபத்து கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்கிறது. அச்சமின்றி வீடு திரும்புங்கள்.” பூங்கோதையின் குரல்.

அவள் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்று, “அது நான் பேசல! நான் இங்க நிக்கிறேன், என்னப் பாருங்க!” என்று கத்தினாள். கத்தின குரல் கரகரத்தது. வண்டியிலிருந்து வந்த குரல் தெளிவாக, கனிவாக இருந்தது. ஆறு வருடமாக ஊருக்குப் பழகின குரல் அதுதான். மறுநாளே சில குடும்பங்கள் மூட்டையைக் கட்டித் திரும்பின.

பாண்டித்துரை திரும்பவில்லை. ஆனால் ஒரு விடியற்காலை பூங்கோதை எழுந்தபோது அவன் படுக்கை காலியாக இருந்தது.

“பட்டறையில மூணு வண்டி நிக்குதாம். பிரிச்சுப்போட்ட வண்டியாம். குடுத்தவுக கேக்குறாகன்னு, மாட்டி எடுத்துட்டு வந்துருறேன்னு போனாரு” என்றாள் ஜோதிமீனா. “அக்கா குரலு சொல்லுது, ஒரு மணி நேரத்துல என்ன ஆயிரப்போகுதுன்னாரு மதினி.”

இருவரும் காளையப்பனின் ஆட்டோவில் போனார்கள். ஜோதிமீனாவை வர வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. கண்மாய்க்கரை மேல் ஏறியதும் காளையப்பன் வண்டியை நிறுத்திவிட்டார்.

கீழே பள்ளத்தெருவில் பனி இறங்கியிருந்தது. ஐப்பசியில் மழைக்குப் பிறகு வழக்கமாகப் படிகிற பனி போலத்தான் தெரிந்தது. ஆனால் அது ஆள் இடுப்பளவுக்கு மட்டும், வெட்டி வைத்ததுபோல மட்டமாக நின்றது. வாயுவுக்கு நிறம் இல்லை, அதன் குளிர்ச்சியில் ஈரக்காற்றுதான் பனியாகியிருந்தது. காற்று கொஞ்சமும் அசையவில்லை. ஒரு நாய் அதற்குள் நடந்து போயிற்று. நடை தளர்ந்தது. படுத்துக்கொண்டது.

பட்டறை வாசலில் பாண்டித்துரை நின்றிருந்தான். வண்டி மேல் உட்கார்ந்து கிக்கரை உதைத்தான். இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. மறுபடி உதைத்தான். பிடிக்கவில்லை. கரைமேல் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது.

“பாண்டி! வண்டிய விட்டுட்டு மேட்டுக்கு வாடா!”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அக்காவைக் கண்டதும் கையை ஆட்டினான். இதோ வருகிறேன் என்பதுபோல விரலைக் காட்டிவிட்டு வண்டியைவிட்டு இறங்கினான். ஒரு மெக்கானிக் என்ன செய்வானோ அதைச் செய்தான். பிளக்கைப் பார்ப்பதற்காகக் குனிந்தான்.

“குனியாத!” என்று பூங்கோதை அலறினாள். “குனியாதடா!”

பனிக்குள் அவன் தலை மறைந்தது. அப்புறம் நிமிரவில்லை.

இறங்கப் போன பூங்கோதையைக் காளையப்பன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் அவர் கையைக் கடித்தாள். அவர் விடவில்லை. ஜோதிமீனா கரையில் உட்கார்ந்துவிட்டாள். கீழே தெருவில் பனி மெதுவாக, ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் அகல் விளக்கு தானாக அணைந்தது. எந்த வீட்டிலிருந்தும் ஒரு சத்தம் வரவில்லை.

குரலை நம்பித் திரும்பியவர்கள் யாரும் பிழைக்கவில்லை. மற்ற ஊர்க்காரர்கள் பிழைத்தார்கள்.

கார்த்திகையில் ஜோதிமீனாவுக்கு நூற்பாலையிலேயே பெண் பிறந்தது. விசாரணைக் குழு வந்தது. பூங்கோதை சாட்சி சொன்னாள். அவள் குரலை வைத்துத் தயாரித்தது எது, அவளே பேசியது எது என்று பிரித்துக் காட்டச் சொன்னார்கள். முதல் ஆறு வருடமும் நானே பேசியதுதான் என்று சொல்லிவிட்டு வந்தாள். நூற்பாலைத் திடலில் வரிசையாகத் தகரக் கொட்டகைகள் எழும்பின. வாயு எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதனால் முகாமைச் சுற்றியும் ஆழ்துளை போட்டு, சாம்பல் நிறத் தூண்களை நட்டார்கள். செவியை மறுபடி இயக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜனங்களுக்குப் பாதி உயிர் வந்தது. அது இருந்தால் போதும், கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

தை மாதத்தில் ஒரு முற்பகல். மின்சாரம் கொடுத்த அன்றே எல்லாரும் தூணைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அதிகாரிகள் எல்லாம் தள்ளி, நாற்காலிகளில் இருந்தார்கள். யாரும் பூங்கோதையைக் கூப்பிடவில்லை. அவள் கூட்டத்தின் ஓரமாக நின்றாள். ஜோதிமீனாதான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தூணுக்கு அருகில் போனாள்.

“நாங்கதான் வந்துருக்கோம். எங்களத் தெரியுதா? எல்லாரும் இங்கனதான் இருக்கோம். இங்கன பயமில்லையே?”



“வணக்கம்” என்றது தூண். சுத்தமான, அழுத்தம் திருத்தமான தமிழ். “தற்போதைய நிலவரப்படி இப்பகுதி மக்கள் அச்சப்படத் தேவையில்லை. மேலதிக விவரங்கள் உரிய காலத்தில் தெரிவிக்கப்படும்.”

ஜோதிமீனா அசையாமல் நின்றாள். “தாயின்னு கூப்பிடல” என்றாள் யாரிடமோ.

தமிழுக்கும் தடை போட்டுவிட்டார்கள் என்று பூங்கோதைக்குப் புரிந்தது. சொல்லத் தேவையிருக்கவில்லை. சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். எல்லாருக்கும் புரிந்திருந்தது. காளையப்பன் கொட்டகைக்குள் போய் அடுப்பை அணைத்தார். ஒரு பெண் கொடியிலிருந்து ஈரத்துணிகளை உருவினாள். பாய் சுருட்டும் சத்தம் ஒவ்வொரு கொட்டகையாகக் கேட்டது. நாற்காலியிலிருந்த அதிகாரி எழுந்து, “என்ன இது? ஆபத்து இல்லைன்னுதானே சொல்லுச்சு?” என்று கேட்டார்.

ஜோதிமீனா குழந்தையைப் பூங்கோதையின் கையில் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

“எந்தப் பக்கம் போறது மதினி?”

போன தடவை அதைச் செவி சொல்லியிருந்தது. பூங்கோதை குழந்தையின் தலையை மாராப்பால் மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். “மேடா எங்க தெரியுதோ அங்கதான்” என்றாள்.

நான்கு பக்கமும் பார்த்தாள். கருவேலங்காடும் உப்புப் பொட்டலுமாக, தரை ஒரே மட்டமாக வானம்வரை போயிருந்தது.